காற்றில் போன இரண்டு

அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது. நான், செங்கோடன். என் தங்கை பாவாயியின் வீட்டுக்காரன் வையாபுரி. ராயப்பன். காதர் மீரான். இந்த நாலு பேரும் ஆடினவர்கள். கிளப் செயலாளர் அச்சுதன் சார், ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புல் வெட்டுகிற குப்புராஜ். மைதானத்தை ஒட்டின தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேர். ஆக ஒன்பது. ஒரு நாயும் இருந்தது. அதை நான் சேர்க்கவில்லை.

இந்த ஒன்பது பேருக்கு முன்னால்தான் அவன் அதைச் செய்தான்.

நீங்கள் அசையாமல் படுங்கள். உங்களுக்கு முட்டி, எனக்குத் தோள். இந்தச் சூட்டு ஒத்தடம் இருபது நிமிஷம். கட்டி இரண்டு நிமிஷம் ஆகிறது. பிசியோதெரபி மெர்லின் அம்மா வந்து அவிழ்க்கிறவரை நீங்களும் எங்கேயும் போக முடியாது, நானும் போக முடியாது. சாதாரணமாக நான் யாரிடமும் பேசுகிறவன் இல்லை. கடையில் சாமான் கேட்கக்கூட கூச்சப்படுகிறவன். ஆனால் இதை யாராவது ஒருத்தர் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாசல் பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறானே, பார்த்தீர்களா? வழுக்கைத் தலை. அவன்தான் வையாபுரி. அவன் பக்கம் ரொம்ப நேரம் பார்க்காதீர்கள், சிரிப்பான்.

எங்கள் மலையில் வெண்மேடு கிளப் என்று ஒன்று இருக்கிறது. ஒன்பது குழி கோல்ஃப் மைதானம். தோட்டத்து மேனேஜர்களும் பெரிய மனிதர்களும் ஆடுகிற இடம். நாங்கள் அவர்களுடைய மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் நடந்தவர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பதிமூன்று வயதில் பை தூக்கப் போனேன், அறுபத்தைந்தில் இறக்கி வைத்தேன். ஐம்பத்திரண்டு வருஷம். இப்போது எழுபத்தொன்று.

திங்கட்கிழமை உறுப்பினர்கள் வர மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் பை சுமந்தவர்கள் ஆடிக்கொள்ளலாம். அந்தக் காலத்திலிருந்தே அப்படி ஒரு வழக்கம். பெரிய மனிதர்கள் கழித்துப் போட்ட மட்டைகளை வைத்து ஆடுவோம். வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் லைன் வீட்டு ஐந்தாம் நம்பர் கிழவன். திங்கட்கிழமை நான் செங்கோடன். அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு நாளைத்தான் வையாபுரி என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறான்.

இந்த ஆட்டத்தில் ஒரு முறை உண்டு. நம்முடைய அடியை நாமே எழுதிக்கொள்ளக் கூடாது. கூட ஆடுகிறவன் நம் அட்டையை எழுதுவான், அவன் அட்டையை நாம் எழுதுவோம். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். குறைவாக அடித்தவனுக்கு ஜெயம். மற்றவர்கள் யாரும் என்னோடு ஜோடி சேர மாட்டார்கள். நான் சரியாக எண்ணுவேன் என்று பயம். வையாபுரி மட்டும் வருவான். வருஷக்கணக்காக அவன்தான் வருகிறான். என்னை விடாமல் குடைவதற்கு.

பதினொரு வருஷம் முன்னால் நாலாவது குழியில் அவன் மட்டை பட்டு அவன் பந்து அரை அங்குலம் நகர்ந்தது. நான் பார்த்தேன். ஒரு அடி கூட்டி எழுதினேன். அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? “காத்துல நகந்த மாதிரி இருந்துச்சு மச்சான். ஆனா நீ பாத்தேன்னா எழுதிக்க.” பார்த்தேன் என்றால் எழுதிக்கொள். அதாவது நான் பொய் சொல்கிறேன், அவன் பெரிய மனதோடு விட்டுக்கொடுக்கிறான். அன்றைக்கு நிறுத்தினேன், அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை. அவன் மச்சான் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. வேண்டுமென்றே.

உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஆட்டத்தால் எனக்கு ஒரு அடி பட்டதில்லை. ஒரு சுளுக்கு கிடையாது. ஒரு தடவை இடுப்புப் பிடித்துப் பதினெட்டு நாள் படுத்திருந்தேன். அது குழியிலிருந்து பந்தைக் குனிந்து எடுக்கும்போது வந்தது, ஆடும்போது வரவில்லை. அதனால் சேர்க்கவில்லை. முட்டி இரண்டு தடவை வீங்கியது. அது மழைக்கு. முழங்கை ஒன்றரை வருஷம் வலித்தது. அது வயசுக்கு. வலது தோளில் மூன்று வருஷமாக ஒரு முனகல் இருந்தது. அது நான் ஒருக்களித்துப் படுப்பதால். ஆட்டத்துக்கென்று பார்த்தால் பூஜ்யம்.

வையாபுரிக்கு முட்டி வலி வந்தது ஐந்து வருஷம் முன்னால். வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவன் இருபத்தேழு வளைவு பஸ்ஸில் இறங்கி இதே மெர்லின் அம்மாவிடம் வந்தான். அந்தப் பெண் ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பதினொரு பயிற்சி கொடுத்தாள். அதைக் கண்ணாடித்தாள் போட்டு ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறான். திங்கட்கிழமை ஆனால் மட்டைக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஆரம்பித்துவிடுவான். குதிகாலைத் தூக்குகிறான். ஒற்றைக் காலில் நிற்கிறான். மட்டையைத் தோளின் குறுக்கே பிடித்துக்கொண்டு இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறான். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இல்லாத நாற்காலியில் உட்காருகிறான். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, ஆக நூற்றுப் பத்து. எட்டாவது பயிற்சியில் மட்டும் ஒன்பதோடு நிறுத்திவிடுவான். நான் எண்ணியிருக்கிறேன். ஒரு திங்கள்கூட பத்து வந்ததில்லை.

பையில் பதினொரு மட்டை வைத்திருந்தவன் ஐந்தாகக் குறைத்துக்கொண்டான். முழு வீச்சை விட்டுவிட்டு அரை வீச்சு வீசுகிறான். மூன்று குழிக்கு ஒரு தடவை உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான். இது ஆட்டமா? நோயாளி வார்டில் நடப்பது மாதிரி. ராயப்பனும் மீரானும் அவன் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். மூன்று கிழவர்கள் வரிசையாக நின்று இடுப்பைத் திருப்புவதைக் கற்பனை செய்து பாருங்கள். கொட்டகைக்குப் பின்னால்தான் தேயிலைச் சரிவு. கொழுந்து பறிக்கிற பெண்கள் அங்கேதான் இருப்பார்கள். நேர் எதிரே. என்னையும் கூப்பிட்டான். நான் அந்தப் பெண்களுக்கு முன்னால் இல்லாத நாற்காலியில் உட்காருவேனா? அவர்கள் அம்மாக்களையெல்லாம் எனக்குத் தெரியும்.

போன வருஷம் எங்களோடு ஆடின மாசிலாமணி ஆறாவது குழியில் தொடைச் சதை பிய்ந்து விழுந்தான். ஜீப்பில் தூக்கிப் போனார்கள். அவன் பிறகு வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் வையாபுரி அச்சுதன் சாரைப் போய்ப் பார்த்தான். நான் பார்த்தேன், இருபத்தைந்து நிமிஷம் உள்ளே இருந்தான். அதற்கு மறுநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று விஷயம். அறுபத்தைந்து தாண்டியவர்கள் ஆடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் உடம்பை இளக்க வேண்டும். மைதானத்தில் யாருக்காவது அடிபட்டால், கை கால் முழுதாக அசைகிறது என்று பிசியோதெரபியில் கடிதம் வாங்கி வந்த பிறகுதான் மறுபடி ஆடலாம். ஜனவரி முதல் தேதி பட்டியல் எழுதுவார்கள். எழுபது தாண்டியவன் அடிபட்டு அன்றைக்குக் கடிதம் இல்லாமல் இருந்தால் பெயரை அடித்துவிடுவார்கள், மறுபடி சேர்க்க மாட்டார்கள்.

எழுபது தாண்டியவர்கள் எத்தனை பேர்? நான் ஒருத்தன். வையாபுரிக்கு அறுபத்தொன்பது. மற்ற இருவரும் அவனுக்கும் இளையவர்கள். அப்படியென்றால் அது யாருக்குப் போட்ட நோட்டீஸ், சொல்லுங்கள்.

கேட்டதற்கு, முதல் விஷயத்தை மட்டும்தான் தான் கேட்டதாகவும், மற்ற இரண்டும் கமிட்டியில் சேர்த்தது என்றும் சொன்னான். சொல்லுவான்.

வருஷா வருஷம் அக்டோபர் கடைசித் திங்களன்று எங்களுக்குள் ஒரு கோப்பை ஆட்டம். அன்றைக்குத்தான் நான் முதலில் சொன்ன ஒன்பது பேர். காலை ஏழரை மணி. பனி இறங்கிப் புல் நனைந்து கிடந்தது. அச்சுதன் சார் எல்லோரையும் பத்து நிமிஷம் உடம்பை இளக்கச் சொன்னார். அவர்கள் மூவரும் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் சரியாக நின்றேன், அரை நிமிஷம்கூடக் குறைக்கவில்லை.

வையாபுரி தொட்டிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தான். “மச்சான், அந்தத் தோள மட்டுமாச்சும் நாலு சுத்து சுத்திட்டு வா. பனி எறங்கியிருக்கு” என்றான். தோள் முனகுவது அவனுக்கு எப்படித் தெரியும்? பாவாயி சொல்லியிருப்பாள். என் தங்கையை வைத்தே என்னை வேவு பார்க்கிறான். என் தோளை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் முட்டியை நீ பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

எட்டுக் குழி முடிந்தபோது எனக்கு நாற்பது, அவனுக்கு நாற்பத்தொன்று. ராயப்பனும் மீரானும் ஐம்பது தாண்டிவிட்டார்கள். நான் ஒன்று முன்னால். கவனியுங்கள், உடம்பை இளக்காமல் ஒன்று முன்னால்.

ஒன்பதாவதில் முதல் அடி நன்றாகப் போனது. ஆனால் பந்து உருண்டு தேயிலைச் சரிவின் ஓரம், ஈரப்புல்லில் போய் நின்றது. முன்னால் ஒரு வாய்க்கால். மெதுவாகத் தட்டினால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் விழும், பிறகு இன்னொரு அடி வேண்டும். முழு வீச்சு வீசினால் நேரே குழி மேட்டுக்குப் போகலாம். வையாபுரி பத்தடி தள்ளி நின்றான். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து பேசினவன் அப்போது மட்டும் பேசவில்லை. ஆட்டத்தின் நடுவே எதிராளிக்கு யோசனை சொன்னால் தண்டம், அதனால் சொல்லவில்லை என்று பிறகு சொன்னான். வசதியான விதி.

வீசினேன். மட்டை மேலே போனது, கீழே வரும்போது தோளுக்குள் ஏதோ தெறித்தது. காய்ந்த சுள்ளியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். மட்டை பந்துக்கு மேலே காற்றில் போனது. அது ஒன்று.

வலி இருந்தது. ஆனால் பெரிய வலி இல்லை. என்னைக் கழித்தால் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நான் மறுபடி நின்று மறுபடி வீசினேன். முழு வீச்சுத்தான். இந்தத் தடவைதான் கை என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது. மட்டை கழன்று ஓடியது. நான் சரிவில் குப்புற விழுந்தேன். அது இரண்டு.

எப்படி நிற்கக் கூடாது என்று ஐந்து வருஷமாக ஒதுங்கி இருந்தேனோ, அந்தப் பெண்களுக்கு முன்னால் அப்படியே கிடந்தேன். பின்பக்கம் மேலே, தலை கீழே. அதில் ஒருத்தி இறங்கி வந்து தன் தலைத் துண்டை அவிழ்த்து என் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். அவள் அம்மாவையும் எனக்குத் தெரியும்.

அச்சுதன் சார் போதும் என்றார். வையாபுரியும் வந்து இடக்கையைப் பிடித்து, வா மச்சான் போகலாம் என்றான். எழுபத்தொரு வயதில் பாதியில் நிறுத்தினால் அது கணக்கில் வராத ஆட்டம். கையை உதறிவிட்டு இடக்கையால் தட்டினேன். ஒரு தட்டு, வாய்க்கால் தாண்டவில்லை. இன்னொரு தட்டு, தாண்டியது. குழி மேட்டில் இரண்டு. பந்து விழுந்தது. நீங்களே கூட்டுங்கள். முதல் அடி ஒன்று. காற்றில் போனது இரண்டு. தட்டினது இரண்டு. மேட்டில் இரண்டு. ஏழு. மொத்தம் நாற்பத்தேழு. அவனுக்கு அந்தக் குழியில் ஐந்து, மொத்தம் நாற்பத்தாறு.

இப்போதுதான் அவன் செய்ததைச் சொல்லப் போகிறேன்.

மேஜைக்கு வந்தோம். நான் அவன் அட்டையில் ஐந்து எழுதினேன். அவன் என் அட்டையை எழுதி நீட்டினான். ஒன்பதாவதில் ஐந்து. மொத்தம் நாற்பத்தைந்து. நான் ஜெயித்துவிட்டேன்.

“எண்ணு” என்றேன்.

“எண்ணிட்டேன் மச்சான்.”

“காத்துல போனது?”

“அது நீ அடிக்கப் போகல. சும்மா வீசிப் பாத்தே. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.”

வீசிப் பார்ப்பது கணக்கில் வராது, உண்மைதான். ஆனால் அடிக்க நினைத்து வீசினால், பட்டாலும் படாவிட்டாலும் ஒரு அடி. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அந்த நாய்க்கும் தெரியும். ராயப்பனையும் மீரானையும் கேட்டேன். ராயப்பன் மேகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் கவனிக்கவில்லை என்றான். மீரான் ஷூவில் மண் தட்டிக்கொண்டிருந்தான். அச்சுதன் சார், எழுதினவர் சொன்னால் சரிதான், கையெழுத்துப் போடுங்கள், ஜீப் நிற்கிறது என்றார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள் பாருங்கள்.

உங்களுக்குச் சூழ்ச்சி புரிகிறதா? ஒருவன் தன்னுடைய அடியைக் குறைத்துக் காட்டின அட்டையில் கையெழுத்துப் போட்டால், அவன் பெயர் ஆட்டத்திலிருந்தே நீக்கப்படும். அதற்காகத்தான் ஐந்து போட்டான். நான் ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டதும் இவன் எழுந்து நின்று, சார் இது ஏழு என்று சொல்ல வேண்டும். தோற்றவன் என்ற பெயர் போதாது, திருடன் என்ற பெயர் வேண்டும் எனக்கு. எப்படி யோசித்திருக்கிறான்.

“நான் அடிக்கத்தான் போனேன்” என்றேன். “ரெண்டு தடவையும்.”

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணில் தண்ணீர். பனிக்காற்று.

“நீ எழுதிக்க மச்சான்” என்றான்.

பென்சிலை இடக்கையில் பிடித்து ஐந்தை அடித்தேன். ஏழு எழுதினேன். கோணலாக வந்தது. ஆனால் ஏழு. மொத்தத்தையும் திருத்தி, இடக்கையாலேயே கையெழுத்துப் போட்டேன். ஒரு அடியில் தோற்றேன். என் ஆட்டத்தை நானே தோற்றேன், அவன் கையால் ஜெயிக்கவில்லை.

கோப்பையை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டில் வைத்தால் நான் போய்ப் பார்க்க மாட்டேன் என்று தெரியும். அதனால் மட்டைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டான், போகிற வருகிற போதெல்லாம் என் கண்ணில் படட்டும் என்று. அதில் அவன் பெயரைக்கூட இன்னும் வெட்டவில்லை. அவசரமில்லையாம்.

இரண்டு வாரம் கை கழுத்தில் கட்டின தொட்டிலில் இருந்தது. பிறகு இங்கே. திங்களும் வியாழனும். ஒவ்வொரு தடவையும் அவனும் வருகிறான். நான் கூப்பிடவில்லை. பஸ்ஸில் என் வலப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறான், வளைவுகளில் யாரும் என் தோளில் சாயக் கூடாதாம். ஜன்னல் பக்கம் அவனுக்கு வேண்டும், அதுதான் காரணம். அந்த மஞ்சள் பையில் பாவாயி கொடுத்தனுப்பின சோறு இருக்கிறது. இரண்டு டப்பா. பெரியதை என்னிடம் கொடுப்பான், நான் மிச்சம் வைப்பேனா என்று பார்க்க.

இன்றைக்கு என்ன கிழமை? திங்கள். அங்கே மலையில் இப்போது ராயப்பனும் மீரானும் ஆடிக்கொண்டிருப்பார்கள். இவன் போகவில்லை. ஐந்து திங்களாக இவன் மட்டையைத் தொடவில்லை. ஐந்து திங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு, நான் இங்கே முக்குவதைப் பார்க்க வருகிறான் என்றால், அவனுக்கு அதில் எவ்வளவு ருசி இருக்க வேண்டும்.

அந்த நூற்றுப் பத்தையும் நான் இப்போது செய்கிறேன். அவனிடம் சொல்லிவிடாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலுக்குத் துணி போட்டுவிட்டு. காகிதம் எனக்குத் தேவைப்படவில்லை, ஐந்து வருஷமாகப் பார்த்தது மனப்பாடம். எட்டாவதில் நான் பத்துச் செய்கிறேன்.

சுவரில் அந்த மர ஏணி தெரிகிறதா? விரல் ஏணி. உங்களுக்கு அது வராது, அது தோள்காரர்களுக்கு. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரலால் ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். விரல் நடந்து போகும், கை கூடவே போகும். மொத்தம் முப்பத்திரண்டு படி. முதல் நாள் ஒன்பதாவதில் நின்றுவிட்டேன். கண்ணில் பூச்சி பறந்தது. முப்பத்திரண்டையும் தொட்டால் கடிதம் எழுதித் தருவதாக மெர்லின் அம்மா சொல்லியிருக்கிறாள். அவசரப்பட்டுத் தோளைத் தூக்கிக்கொண்டு ஏறினால் செல்லாது. “தோள எறக்குங்க தாத்தா, கை மட்டும் போகட்டும்” என்பாள். இன்றைக்கு வந்தது ஒன்பதாவது தடவை. ஜனவரி முதல் தேதிக்குள் இன்னும் எத்தனை? கிறிஸ்துமஸ் வியாழனைக் கழித்துவிட்டால் ஐந்து.

நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஏறி முடித்தேன். மெர்லின் அம்மாவுக்கு வேறு ஆள் இருந்தது. எண்ணுவதற்கு அவன் வந்து நின்றான். இங்கேயும் என் அட்டை அவன் கையில். இருபத்திரண்டு வரை சும்மா போனேன். இருபத்து மூன்றில் வியர்த்தது. இருபத்து நாலையும் தொட்டேன். அதற்கு மேலே நீட்டினேன், நீட்டிக்கொண்டே நின்றேன்.

“இருபத்தஞ்சு” என்றான் அவன். “இருபத்தஞ்சு வந்துருச்சு மச்சான், எறக்கு.”

வரவில்லை. ஆள்காட்டி விரல் படியின் விளிம்பில் பட்டது. நடுவிரல் படவில்லை. இரண்டும் பட்டால்தான் ஒரு படி. நான் பார்த்தேன். அவனும் பார்த்தான், அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் இருபத்தைந்து என்று சீட்டில் எழுதிவிட்டான். இன்னும் அவனுக்குப் புத்தி வரவில்லை. பென்சிலைப் பிடுங்கித் திருத்தினேன். இந்தத் தடவை வலக்கையால். எழுத்து நேராகத்தான் வந்தது.

இருபத்து நாலு. மீதி எட்டு.